கெட்டித் தண்ணீர்

காஹாங்கிலிருந்து குளுவாங் வரும் பஸ்ஸில் இன்று ஏர்கோன் வேலை செய்தது, மிஸ். அதனால் தலை கலையாமல் வந்து சேர்ந்தேன். நீங்கள் சொன்ன நேரத்துக்கு முன்பாகவே வந்து, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நோயாளிகள் நடை பழகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சீன ஆன்டி ஊன்றுகோலைத் தவறான கையில் பிடித்திருந்தார். போய் மாற்றிக் கொடுத்தேன். நீ இங்கேதான் வேலை செய்கிறாயா என்று மலாயில் கேட்டார். இன்னும் இல்லை என்றேன்.

போன வாரம் உங்களிடம் ஒரு சான்றுக் கடிதம் கேட்டேன். ஃபிசியோதெரபி படிப்புக்கான நேர்முகத்துக்கு என்னை அழைத்திருக்கிறார்கள். நோயாளியைப் பார்த்துக்கொண்ட அனுபவம் இவளுக்கு உண்டு என்று மருத்துவமனையில் யாராவது எழுதிக் கொடுத்தால் நல்லது. மாமாவுக்குப் பேசவும் விழுங்கவும் பயிற்சி கொடுத்தவர் நீங்கள். நான் அவரை எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்பது உங்களைவிட யாருக்குத் தெரியும்? நீங்கள், "முதல்ல அந்த மாவு டின்னுக்குப் பதில் சொல்லு, யோகேஸ்வரி. அப்புறம் கடிதம்," என்றீர்கள். நியாயமான பேச்சுதான். அதற்காகத்தான் வந்திருக்கிறேன்.

மாமாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு நீங்கள் வந்திருந்தபோது, அடுக்களை அலமாரியிலிருந்த அந்த டின்னைக் கையில் தூக்கிப் பார்த்தீர்கள். "இன்னும் இவ்வளவு இருக்கா?" என்றீர்கள். புது டின் என்றேன். தலையாட்டிவிட்டு, இலையில் உட்காராமலேயே கிளம்பிப் போனீர்கள். அது புது டின் இல்லை. ஆனால் அதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நீங்கள் என்னைத் தவறாக எடைபோட்டுவிடுவீர்கள். கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன்.

என் அம்மா இறந்தபோது எனக்கு ஏழு வயது. அப்பா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர், அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டார். அம்மாவின் தம்பி தங்கராஜு மாமா மோட்டார் சைக்கிளில் நாங்கள் இருந்த தங்காக் வரை வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அவருக்கு ஒரே மகள், தேன்மொழி. என்னைவிட நான்கு மாதம் இளையவள். அவளுக்கு என்ன வாங்கினாலும் எனக்கும் வாங்கினார். ஒரே மாதிரிப் பள்ளிப்பை, ஒரே மாதிரிச் சப்பாத்து, தீபாவளிக்கு ஒரே துணியில் இரண்டு சட்டை. மாமா பாகுபாடு பார்த்தார் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். புஷ்பவள்ளி அத்தையும் அப்படித்தான். ஆனால் எல்லாவற்றையும் சமமாகப் பங்கிட்டுக் கொடுக்கிற வீட்டில் வளர்கிற பிள்ளைக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிடுகிறது. எப்போதும் அடுத்த பங்கை அளந்து பார்த்துக்கொண்டே இருக்கும்.

நாங்கள் பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் படித்துக்கொண்டிருந்தபோது மாமாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது. செம்பனைப் பழம் ஏற்றிய லோரியை எண்ணெய் ஆலை வாசலில் நிறுத்தியவர், அப்படியே ஸ்டியரிங்கில் சாய்ந்துவிட்டார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது. மிச்சம் உங்களுக்கே தெரியும்.

அத்தை விடியலில் பள்ளிக் கேண்டீன் வேலைக்குப் போய்விடுவார். பரீட்சை முடிந்து நாங்கள் இருவரும் வீட்டில்தான் இருந்தோம். காலை வேலை முழுவதும் என்னுடையது. அவரைப் புரட்டிப் படுக்க வைப்பது, துணி மாற்றுவது, துடைப்பது, இடுப்பில் துண்டைக் கட்டி எழுப்பி நிறுத்துவது. தேன்மொழிக்கு அந்த வாடை ஒத்துக்கொள்ளாது; குமட்டும். அவள் சாயங்காலம் வருவாள். பந்தைக் கையில் கொடுத்து அமுக்கச் சொல்வாள், பழைய பாட்டைப் பாடிக் காட்டுவாள். மாமா கோணிய வாயோடு சிரிப்பார். என்னிடம் அவர் சிரித்ததே இல்லை. என்னிடம் அவருக்கு வெட்கம். துணி மாற்றுகிறவளைப் பார்த்து யாரால் சிரிக்க முடியும்? அது எனக்குப் புரிந்தது. புரிந்தால் வலிக்காது என்று யார் சொன்னது?

ஃபிசியோதெரபி என்பது என் யோசனை, மிஸ். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையிலிருந்து வந்த ஃபிசியோ, மாமாவின் முழங்காலுக்குப் பின்னால் கை வைத்து அவரை எழுப்பி நிறுத்தியபோதே நான் முடிவு செய்துவிட்டேன். தேன்மொழிக்கு அதுவரை ஒரு யோசனையும் கிடையாது. ஒருநாள் கணக்கியல் என்பாள், மறுநாள் டீச்சர் என்பாள். அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே இணையதளம், ஒரே விண்ணப்பம். யூபியூ என்கிற அந்தத் தளம் திறந்தபோது மடிக்கணினி முன்னால் நான் உட்கார்ந்தேன். பன்னிரண்டு விருப்பங்களை வரிசையாக அடுக்க வேண்டும். என்னுடையதை அடுக்கி முடித்ததும், அவள் என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு, "எனக்கும் அதே மாதிரி போட்டுரு லா. நாம ரெண்டு பேரும் ஒண்ணாவே போலாம்," என்றாள்.

நான்தான் போட்டேன். அவளுடைய அடையாள அட்டை எண், அவளுடைய புள்ளிகள், எல்லாம் என் விரலால் தட்டியவை. தகப்பன் பெயர் என்ற இடத்தில் அவளுக்குத் தங்கராஜு என்று தட்டினேன். எனக்கு அதே பெயரைக் காப்பாளர் என்ற இடத்தில் தட்டினேன். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. உள்ளது அதுதானே.

நேர்முகத்துக்கு யாருக்கெல்லாம் அழைப்பு என்று வெளியான அன்று முதலில் என்னுடையதைத் திறந்தேன். 'டுக்காச்சித்தா' என்று தொடங்கியது. வருந்துகிறோம் என்று அர்த்தம். பிறகு அவளுடையதைத் திறந்தேன். 'சுக்காச்சித்தா' என்று தொடங்கியது. மகிழ்ச்சியோடு தெரிவிக்கிறோம் என்று அர்த்தம். மலாய்ச் சொற்கள்தான், ஆனால் நம்முடைய துக்கமும் சுகமும்தான் உள்ளே இருக்கின்றன. முதல் எழுத்து மட்டும் வேறு. எங்கள் இருவருக்கும் புள்ளிகளில் பெரிய வித்தியாசம் இல்லை. அவளுக்குப் பள்ளியில் வலைப்பந்துக் குழுவில் பதவி இருந்தது. அதற்குக் கூடுதல் புள்ளி கிடைத்திருக்கலாம். அந்தப் பயிற்சிகளுக்கு அவள் போன சாயங்காலங்களில் அத்தையோடு வீட்டு வேலை பார்த்தது நான்.

தேன்மொழி குதிக்கவில்லை. அவள் நல்லவள். என்னைக் கட்டிக்கொண்டு, "அப்பீல் போடலாம்டி, உனக்கும் கெடைக்கும்," என்றாள். வயிறு எரிந்தது என்பார்களே, அது வெறும் பேச்சு என்று நினைத்திருந்தேன். இல்லை. உண்மையிலேயே விலா எலும்புக்குக் கீழே ஓர் இடம் சுடுகிறது. அவள் கையை விலக்கிவிட்டு உலையில் அரிசி போடப் போனேன்.

அன்று மாமா என்னைக் கூப்பிட்டார். செய்தி அவருக்கும் தெரிந்துவிட்டது. இடது கையால் என் கையைத் தட்டி, குழறிக் குழறி, "பரவால்ல... நீ இரு," என்றார். "எனக்கு... நீ வேணும். இரு." ஆறுதலாகத்தான் சொன்னார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

இனி தண்ணீருக்கு வருகிறேன்.

நீங்கள் சொல்லிக் கொடுத்தது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. ஸ்ட்ரோக் வந்த தொண்டை மெதுவாகத்தான் மூடும். தண்ணீர் அதைவிட வேகமாக ஓடிவிடும். ஓடி நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அதனால் வெறும் தண்ணீர் கூடவே கூடாது. அந்த டின்னிலுள்ள மாவைக் கலந்து கஞ்சி பதத்துக்குக் கொண்டுவந்து, தாடையைக் கீழே இறக்கச் சொல்லி, கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் அதற்குக் கெட்டித் தண்ணீர் என்று பெயர் வைத்தோம். தேன்மொழிக்குக் கலக்கத் தெரியாது, கட்டி தட்டிவிடும். நான் கலந்தால் பட்டுப்போல் இருக்கும். நீங்களே பாராட்டியிருக்கிறீர்கள்.

மாமாவுக்கு அது பிடிக்கவே இல்லை. வாயில் வைத்ததும் முகம் சுளிப்பார். "தண்ணி," என்பார். இதுதான் தண்ணி மாமா என்பேன். "நல்ல தண்ணி," என்பார். காலை முழுவதும் இதே பேச்சு. எத்தனை மாதம் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு மறுத்தேன் என்பதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நேர்முகம் கிழக்குக் கரையில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில். நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். தேன்மொழிக்குப் பயம். "நீ கேள்வி கேளு, நான் பதில் சொல்றேன்," என்று என்னை அதிகாரியாக நாற்காலியில் உட்கார வைத்தாள். நான் மலாயில் கேட்டேன்: ஏன் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தாய்? அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஒப்பித்தாள். என் அப்பாவுக்கு ஸ்ட்ரோக். தினமும் காலையில் நான்தான் அவரைப் புரட்டிப் படுக்க வைக்கிறேன். இடுப்பில் துண்டைக் கட்டி எழுப்பி நிறுத்துகிறேன். அவருடைய உடம்பு எங்கே கனக்கும், எங்கே நடுங்கும் என்று என் கைகளுக்குத் தெரியும்.

என்னை நிமிர்ந்து பார்த்து, "நல்லாருக்கா?" என்று கேட்டாள். "அலமாக், முகத்த ஏன் அப்படி வச்சிருக்க? உன்கிட்ட கேட்டதுதானே எல்லாம். அவங்களுக்கு என்னா தெரியப் போவுது?"

நன்றாக இருக்கிறது என்றேன். உண்மையிலேயே நன்றாக இருந்தது. என் காலைகள் அவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. அதோடு 'என் அப்பா' என்ற இரண்டு சொற்கள் சேர்ந்துவிட்டால் யாருக்குத்தான் மனம் இளகாது? நான் போய் என் மாமா என்று சொன்னால், உன் அப்பா எங்கே என்று கேட்பார்கள்.

எனக்கு அவள்மேல் பொறாமை. அதை மறைக்கப் போவதில்லை. அவளுடைய படிப்பின்மேல் மட்டும் என்றால் பரவாயில்லை. அவள் உட்கார்ந்திருந்த விதம், அந்தச் சிரிப்பு, குமட்டுகிறது என்று சொன்னால் வீடே நம்புகிற அந்த உரிமை, எல்லாவற்றின்மேலும் பொறாமை.

மறுநாள் காலை மாமா நல்ல தண்ணி கேட்டார். கொடுத்தேன்.

அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். குடித்துவிட்டு இருமினார், இருமியபடியே என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்காக அவர் சிரித்த முதல் சிரிப்பு அது. அதற்குப் பிறகு டின்னைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. கேட்டபோதெல்லாம் கொடுத்தேன். அத்தையும் தேன்மொழியும் வீட்டில் இருக்கும்போது மட்டும் மாவைக் கலந்தேன். அவர்களுக்கு இதெல்லாம் புரியாது. டின்னில் மிச்சம் இருந்ததற்கு இதுதான் காரணம்.

அவர் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு காய்ச்சல், நான்கு நாள் வார்டு, அவ்வளவுதான் என் மனத்தில் இருந்தது. தகப்பன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது ஒரே மகளைப் பஸ் ஏற்றி அனுப்புகிற அத்தை இல்லை அவர். தேன்மொழி ஒரு நேர்முகத்தைத் தவறவிடுவாள். அடுத்த வருடம் இருவரும் மறுபடி ஒன்றாக விண்ணப்பிப்போம். அவள் சொன்னதுதானே, ஒன்றாகப் போகலாம் என்று.

நினைத்தபடியே காய்ச்சல் வந்தது. மாமாவைக் குளுவாங்கில் சேர்த்தார்கள். நெஞ்சில் கிருமி என்றார்கள். நீங்கள் வந்து, கெட்டித் தண்ணீர்தானே கொடுக்கிறீர்கள் என்று கேட்டீர்கள். ஆமாம் என்று அத்தை சொன்னார். அவருக்குத் தெரிந்த வரையில் அது பொய் இல்லை. ஊசிக்கும் மருந்துக்கும் காய்ச்சல் இறங்கிவிட்டது. நான் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமாகவே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மெலிந்து, படுக்கையில் பாதியாகக் கிடந்தார். தேன்மொழி அவர் காலடியில் உட்கார்ந்து அழுதாள்.

"நான் போகல அப்பா. உங்கள இப்படி விட்டுட்டு நான் எங்கயும் போகல."

மாமா இடது கையைத் தூக்கி வாசல் பக்கம் காட்டினார். "போ," என்றார். குழறல் இல்லை. ஸ்ட்ரோக் வந்த பிறகு அவ்வளவு தெளிவாக ஒரு சொல்லை அவர் சொன்னதில்லை. அத்தைகூட வாயைப் பொத்திக்கொண்டார். "போ. படி."

நான் கதவோரம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் போ. எனக்கு இரு. வாழ்நாள் முழுவதும் எல்லாவற்றையும் சமமாகப் பங்கிட்ட மனிதர், மிஸ். கடைசியில் இந்த ஒன்றில் கைதவறிவிட்டார்.

தேன்மொழி போவது என்று முடிவாகிவிட்டது. சாயங்காலம் பஸ். அன்று மத்தியானம் அவளை அழைத்துக்கொண்டு அத்தை கோவிலுக்குப் போனார், அவள் பெயருக்கு அர்ச்சனை செய்ய. "மாமாவ பாத்துக்கம்மா யோகா. ஒன்ன நம்பித்தான் போறோம்," என்றார். பார்த்துக்கொண்டேன். தண்ணீர் கொடுத்தேன். அவர்கள் விபூதியோடு திரும்பி வந்தபோது மாமாவின் உதடு நீலமாகியிருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது நான்தான். அவர்கள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் கூப்பிட்டேன். மறுநாள் விடிவதற்குள் வார்டில் உயிர் போய்விட்டது. தேன்மொழியின் பயணப்பை வாசலிலேயே கிடந்தது. காரியத்துக்கு வந்தவர்கள் அதைத் தாண்டித்தான் உள்ளே வந்தார்கள்.

நேர்முக நாளில் மாமாவுக்குப் பால் தெளித்துக்கொண்டிருந்தார்கள். தீட்டு வீட்டிலிருந்து யாரும் எங்கும் போக முடியாது. போகச் சொன்னாலும் அவள் போயிருக்க மாட்டாள். இந்த வருடம் அவள் விண்ணப்பிக்கவே இல்லை. உலு திராமில் ஒரு ஃபேக்டரியில் சேர்ந்துவிட்டாள். அப்பாவை நினைத்தால் யார் உடம்பையும் தொட முடியவில்லை என்கிறாள். நான் மட்டும் விண்ணப்பித்தேன். இந்த முறை எனக்குச் சுக்காச்சித்தா வந்தது. வலைப்பந்து இல்லை; ஆனால் ஒரு வருடமாக முதியோர் இல்லத்தில் தொண்டு செய்கிறேன். அங்கே எல்லாருக்கும் என்னைப் பிடிக்கும்.

அத்தைக்கு இப்போது நான்தான் துணை. உறவுக்காரர்கள் வந்தால் என் தலையைத் தடவிக்கொண்டு சொல்வார்: "அந்த மனுசன் தாகத்தோட போகல. கேட்டப்பல்லாம் தண்ணி குடுத்து அனுப்புனவ இவதான். பெத்த மவ மாதிரி." மாமா கேட்டதை மறுக்க மனம் வரவில்லை என்று காரியமெல்லாம் முடிந்த பிறகு நான்தான் அவரிடம் சொன்னேன். அந்தத் தண்ணீர்தான் நெஞ்சில் இறங்கியது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. நான் ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்துகொள்வேன்.

அத்தை சொல்வதில் ஒரு திருத்தம் உண்டு. அதையும் உங்களிடம் சொல்லிவிட்டால் எனக்குப் பாரம் இறங்கிவிடும். அந்தக் கடைசி மத்தியானம் மாமா தண்ணீர் கேட்கவில்லை. காய்ச்சலுக்குப் பிறகு அவருக்கே ஏதோ புரிந்துவிட்டது போலிருக்கிறது. என் கையில் பெரிய குவளையைப் பார்த்ததும் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டார். தாடையைக் கீழே இறக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லிக் கொடுத்தீர்கள். நான் நிமிர்த்திப் பிடித்தேன். குவளை முழுவதையும் ஊற்றினேன். அது முடிந்ததும் இன்னொன்று. நடுவில் மூச்சு கிடைத்தபோது இடது கையை என் நெஞ்சில் வைத்துத் தள்ளி, தெளிவாக ஒரே ஒரு சொல் சொன்னார்.

"போ."

எனக்கு அழுகை வந்துவிட்டது, மிஸ். எவ்வளவு நாள் காத்திருந்தேன் அந்தச் சொல்லுக்கு. அவர் அனுமதி கொடுத்த பிறகுதான் நான் மறுபடி விண்ணப்பித்தேன்.